ஆயிரத்து எழுநூறு

விநாடிக்கு ஆயிரத்து எழுநூறு அதிர்வு.
இரண்டு விநாடி, இடையில் முறியாமல்.
வந்தால் மைதானத்தை மூடு, விளம்பரத்தைத் திற,
முப்பது விநாடியில் திரும்பி வா.
இவ்வளவுதான் நான் அதற்குச் சொல்லிக்கொடுத்தது.

உவர்மலையில், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே
எங்கள் இணைய வானொலி:
ஒரு கணினி, ஒரு மின்விசிறி,
கடற்காற்றில் உப்புப் பூத்த சொக்கெற்.
நேரலையை
விநாடிக்கு எட்டாயிரம் துண்டாய் நறுக்கி
நாள் முழுக்க ஒரே கேள்வி கேட்கும் இயந்திரம்.
நீயா?
இல்லை.
நீயா?

மனிதக் குரலுக்கு அது ஏமாறாது.
எந்தத் தொண்டையும் ஒரே சுருதியில் இரண்டு விநாடி நிற்பதில்லை;
நடுங்கும், வழுக்கும்,
சொந்தக்காரர்போல் பத்துச் சுருதியைக் கூட்டிக்கொண்டு வரும்.
மடத்தடிச் சந்தி ஓட்டோவின் ஹோர்ன்,
கோணேசர் மலையின் மணி,
துறைமுகத்தில் கப்பல் ஊதுவது,
எல்லாம் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது ஏழு மாதம்.
எனக்குப் பெருமை.

மக்கெய்சர் மைதானம், சனிக்கிழமை, விளையாட்டுப் போட்டி.
மேடைக்குக் கீழே றெஜினோல்ட்,
மடியில் சிவப்புப் பொத்தான் வைத்த பெட்டி.
முப்பத்தெட்டாவது நிமிடத்தில் பிரதம விருந்தினர்
‘எமது எதிர்காலச் சந்ததி’ என்று மூச்செடுத்த இடத்தில்
மெத்தை விளம்பரம் வந்தது.
ஸ்காபரோவில் மெத்தை, ஒஸ்லோவில் மெத்தை.
அதற்குப் பிறகும் இரண்டு தரம்.
கடைசியாகத் திரும்பியபோது
‘நன்றி, வணக்கம்’ மட்டும் மிச்சம்.
ஒரு முறைப்பாடும் இல்லை.
ஒருவர் எழுதியிருந்தார்: மெத்தை என்ன விலை?

பொத்தானில் விரல் வைக்கவில்லை என்று
றெஜினோல்ட் அந்தோனியார்மேல் சத்தியம் செய்தான்.
பதிவைத் திறந்தேன்.
நான்கு நாற்பத்திரண்டு. மெல்லிய கோடு,
புதிய பிளேட்டால் கீறியதுபோல் நேர்.
ஹெட்போனை இறுக்கிக் கேட்டேன்.
பேச்சுக்கு அடியில், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில்
யாரோ ஒரு பிள்ளை
பேனை மூடியை உதட்டில் வைத்து ஊதுகிறது.
ஐந்து சென்ரிமீற்றர் மூடி:
கணக்குப் போட்டால் சரியாக வருகிறது.
பதக்கம் கிடைக்காமல் வெயிலில் நின்ற பிள்ளை
என்று நினைத்துக்கொண்டேன். ஆதாரம் இல்லை.

அன்றிரவு திருத்த உட்கார்ந்தேன்.
ஒரு சத்தம், ஒரு செயல்.
எனக்கு இது புதிதல்ல.
இரண்டாயிரத்து ஆறு, சம்பூர், எட்டு வயது:
தூரத்தில் ஒரு ‘டும்’,
பிறகு காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் சீழ்க்கை.
ஒன்று என்று எண்ணுமுன்
கால்கள் பங்கருக்குள்.
யார் எழுதிய கட்டளை, தெரியாது.
இன்றைக்கும் குக்கர் விசிலடித்தால்
முதலில் முழங்கால் மடிகிறது,
பிறகுதான் பருப்பு என்று விளங்குகிறது.

இயந்திரத்துக்கென்றால் ஒரு வரி போதும்:
ஒருதரம் கேட்டால் பத்து விநாடி செவிடாயிரு.
அந்த வரியைச் செருக
என் உடம்பில் இடம் தேடிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு சுருதி சேர்ந்து வந்தால்தான் விளம்பரம்
என்று மாற்றினேன். ஒரு வாயால் இனி முடியாது.
பழைய வரியை அழிக்க மனம் வரவில்லை.
ஆயிரத்து எழுநூறு தனியே வந்தால்
என் மேசை விளக்கு எரிந்து அணையும்,
வேறெதுவும் நடக்காது.

இன்றுவரை இரண்டு தரம் எரிந்தது.
முதலாவது, மூதூர் இறங்குதுறையில் ஒலிபெருக்கி வீறிட்டபோது.
மற்றது நேற்று,
திருக்கடலூரில் ஒரு பரிசளிப்பு விழா,
பேச்சின் நடுவில்.
பேசியவர் நிறுத்தவில்லை, எங்கும் மெத்தை வரவில்லை.
சீழ்க்கை என் காதுக்குள் நேராக நீண்டது.
தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றபடி,
முழங்கால் மடியாமல்,
முடியும்வரை கேட்டேன்.